சொல்லை முடிப்பவர் யார்?

நூலைத் திறனாய்வு செய்கிறோம். நாடகத்தையும் திரைப்படத்தையும் திறனாய்வு செய்கிறோம். எழுதுகோலைத் திறனாய்வு செய்வதில்லை. எழுதுகோல் தானாக ஒரு சொல்லையும் எழுதாது என்பதே அதற்குக் காரணம். தட்டச்சுப் பொறிக்கும் இது பொருந்தும். விரல் தொட்ட எழுத்து தாளில் விழும். விரல் தொடாத எழுத்து விழாது. ஆனால் இன்று கடிதம் எழுதவும் கட்டுரை எழுதவும் சான்றிதழ் அச்சிடவும் நாம் பயன்படுத்தும் சொற்செயலி இத்தகையதன்று. மூன்று நான்கு எழுத்துகளைத் தட்டியதும் எஞ்சிய பகுதியை அதுவே முன்வைக்கிறது. சில வேளைகளில் பாதி வாக்கியத்தையே மங்கிய எழுத்தில் எழுதிக் காட்டி, ஏற்றுக்கொள்வீர்களா என்று காத்து நிற்கிறது. சொல்லைத் தரும் எதுவும் திறனாய்வுக்கு உரியதே. ஆகவே, இந்தச் சொல் முடிப்பு வசதியை ஓர் எழுத்தாளரை எடைபோடுவது போலவே எடைபோட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

இவ்வசதியைப் பற்றிப் பயனாளர்கள் சொல்லும் குறைகளை மூன்றாகப் பகுக்கலாம். ‘வரவேண்டிய பரிந்துரை வரவில்லை’ என்பது ஒன்று. ‘வேண்டாத பரிந்துரை வந்து தொல்லை தருகிறது’ என்பது இரண்டு. ‘நான் எழுதாத சொல் என் கடிதத்தில் இருக்கிறது’ என்பது மூன்று. முதல் இரண்டும் அமைப்புகளைச் சரிசெய்தால் தீர்ந்துபோகும். மூன்றாவது அப்படிப்பட்டதன்று. அதில் கருவியின் பங்கும் உண்டு, நம் பங்கும் உண்டு. முதல் இரண்டு குறைகளுக்காகச் செலவிடும் பொறுமையில் பாதியைக்கூட நாம் மூன்றாவதற்குச் செலவிடுவதில்லை என்பதே இக்கட்டுரையின் கவலை.

மூன்று வகைகள்

சொல் முடிப்பு என்று பொதுவாகச் சொன்னாலும், அதன் உள்ளே மூன்று வேறுபட்ட முறைகள் இயங்குகின்றன. இவற்றைப் பிரித்தறியாமல் குறையைத் தேடினால் கிடைக்காது.

முதல் வகை, நாமே முன்கூட்டிச் சேமித்து வைத்ததை நமக்கே திருப்பித் தருவது. மைக்ரோசாஃப்ட் வேர்டில் ‘ஆட்டோடெக்ஸ்ட்’ எனப்படுவது இதுவே. பழைய பதிப்புகளில் ‘குளோசரி’ என்று வழங்கிய இது, 1993-இல் வந்த 6.0 பதிப்பில் இப்பெயரைப் பெற்றது. வேர்டு 97 பதிப்பில், பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டியதும் ஒரு சிறு கட்டத்தில் முழுச் சொல்லையும் காட்டும் வழக்கம் வந்தது.

இரண்டாம் வகை, நாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே நம் சொற்களைத் திரட்டி, மீண்டும் அதே தொடக்கம் வரும்போது நீட்டுவது. இலவச மென்பொருளான லிப்ரெஆபிஸ் ரைட்டரில் உள்ள ‘வேர்டு கம்ப்ளீஷன்’ இத்தகையது. இதில் சேமிக்கும் எண்ணம் நமக்கு இருக்க வேண்டியதில்லை. திறந்திருக்கும் கோப்புகளில் உள்ள நீண்ட சொற்களை அது தானாகவே பொறுக்கி வைத்துக்கொள்ளும்.

மூன்றாம் வகை, நமக்கு முன்பின் அறிமுகமில்லாத எண்ணற்ற மனிதர்கள் எழுதியவற்றிலிருந்து அடுத்த சொல்லைக் கணிப்பது. கூகுள் நிறுவனம் 2018-இல் ஜிமெயிலில் தொடங்கி, பின்னர் கூகுள் டாக்ஸுக்கும் விரிவுபடுத்திய ‘ஸ்மார்ட் கம்போஸ்’ இவ்வகையினது. மைக்ரோசாஃப்ட் 365 தொகுப்பில் உள்ள வேர்டின் ‘டெக்ஸ்ட் பிரெடிக்ஷன்’ இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இங்கே நமக்கு நீட்டப்படுவது நாம் சேமித்த சொல்லும் அன்று, நாம் இதுவரை எழுதிய சொல்லும் அன்று. பலரும் எழுதக்கூடிய சொல்.

முதலாவது நம் நினைவின் துணை. இரண்டாவது நம் பழக்கத்தின் எதிரொலி. மூன்றாவது ஊராரின் வாய்மொழி. ஒரே மாதிரி திரையில் தோன்றினாலும் இம்மூன்றையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

வரவேண்டியது வராதபோது

முதல் வகையில் அடிக்கடி எழும் குறை, சேமித்து வைத்தது தோன்றவில்லை என்பதே. இதற்கான காரணங்கள் எளியவை. ஆனால் ஒன்றையொன்று மறைத்து நிற்பவை.

வேர்டின் ‘ஃபைல்’ பட்டியலில் ‘ஆப்ஷன்ஸ்’ சென்று, ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘ஷோ ஆட்டோகம்ப்ளீட் சஜஷன்ஸ்’ என்ற கட்டத்தில் குறி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். குறி இருந்தும் வரவில்லையென்றால், சேமித்த இடத்தை ஆராய வேண்டும். ஒரு தொடரைத் தேர்ந்தெடுத்து ஆல்ட், எஃப்3 ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் சேமிப்புப் பெட்டி திறக்கும். அதில் ‘கேலரி’ என்ற இடத்தில் ‘ஆட்டோடெக்ஸ்ட்’ என்றும், ‘சேவ் இன்’ என்ற இடத்தில் ‘நார்மல்’ என்றும் இருக்க வேண்டும். வேறு அடுக்கிலோ வேறு கோப்பிலோ வைத்திருந்தால், பொருள் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் தானாக எட்டிப் பார்க்காது. அப்போதும் அதன் பெயரை முழுமையாகத் தட்டி எஃப்3 விசையை அழுத்தினால் வந்து நிற்கும்.

பெயரின் நீளமும் முக்கியம். மிகக் குறுகிய பெயர் வைத்தால் பரிந்துரை தோன்றாது. குறைந்தது ஐந்து எழுத்துகள் வேண்டும். அவற்றில் நான்கைத் தட்டிய பிறகே அது தலைகாட்டும். ஒரே தொடக்கம் கொண்ட இரண்டு பெயர்கள் இருந்தால், எதைக் கேட்கிறோம் என்பது தெளிவாகும்வரை அது காத்திருக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்றுண்டு: வேர்டு 2007 பதிப்பில் சேமித்த தொடர்களுக்கு இந்தச் சிறு கட்டம் காட்டும் வழக்கமே நீக்கப்பட்டிருந்தது, 2010 பதிப்பில்தான் திரும்ப வந்தது. அந்தப் பழைய பதிப்போடு போராடியவர்கள் தங்கள் அறியாமையை நொந்துகொண்டிருக்கத் தேவையில்லை.

திறனாய்வு நோக்கில் பார்த்தால், இம்மூன்றில் நேர்மையானது இந்த முதல் வகையே. மறைமாவட்ட அலுவலகத்தின் நீண்ட முகவரி, ஒரு சங்கத்தின் பதிவுப் பெயர், ஒவ்வொரு சான்றிதழிலும் மாறாமல் வரவேண்டிய சட்டத் தொடர் ஆகியவற்றை ஒருமுறை பிழையறத் தட்டிச் சேமித்தால், அடுத்த நூறு முறையும் பிழையின்றி வரும். இங்கே விரைவு மட்டுமல்ல, துல்லியமும் கிடைக்கிறது. நாம் வைத்ததை நாம் எடுக்கிறோம். வைத்தபோது ஒரு தீர்மானம். எடுக்கும்போது இன்னொரு தீர்மானம். இரண்டும் நம்முடையவை.

வேண்டாதது வரும்போது

இரண்டாம் வகையில் குறை வேறு விதமாக எழுகிறது. லிப்ரெஆபிஸ் ரைட்டரின் இயல்பான அமைப்பில், நீட்டப்பட்ட சொல்லை ஏற்பதற்கான விசை ‘எண்டர்’. அடுத்த வரிக்குச் செல்வதற்கான விசையும் அதே ‘எண்டர்’. ஒரே கதவு வீட்டுக்குள் வருவதற்கும் வெளியே போவதற்கும் பயன்படுவது இயல்பு. ஆனால் ஒரே கையெழுத்து ‘பெற்றுக்கொண்டேன்’ என்பதற்கும் ‘அடுத்ததற்குச் செல்கிறேன்’ என்பதற்கும் பொருளாகுமானால் குழப்பம் உறுதி.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். உறுதிபூசுதல் பெறுவோரின் பட்டியலை ஒருவர் வரிக்கு ஒரு பெயராகத் தட்டிக்கொண்டு வருகிறார் என்று கொள்வோம். முதல் வரியில் ‘அந்தோணிசாமி’ என்ற பெயர். சில வரிகள் கழித்து ‘அந்தோணி’ என்று மட்டும் பெயர் கொண்ட ஒரு சிறுவன். தட்டுபவர் அந்தப் பெயரை முடித்து, அடுத்த வரிக்குப் போக எண்டரை அழுத்துகிறார். அவர் கண் திரையில் இல்லை, கையெழுத்துப் படியில் இருக்கிறது. மென்பொருளோ அந்த அழுத்தத்தை ஒப்புதலாகக் கொண்டு ‘அந்தோணிசாமி’ என்று முடித்துவிடுகிறது. சிறுவனின் பெயர் மாறிவிட்டது. பிழைதிருத்தும் வசதி இதைக் கண்டுபிடிக்காது. ஏனெனில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. பட்டியலைப் படிப்பவரும் ஐயுறமாட்டார். நம் ஊர்களில் ஒரே பெயர் இருவருக்கு இருப்பது வியப்பன்று. சான்றிதழில் அது ஏறிய பிறகு, பல ஆண்டுகள் கழித்து ஏதேனும் ஓர் அலுவலகச் சாளரத்தின் முன் அந்த இளைஞன் நிற்கும்போதுதான் குறை வெளிப்படும்.

இந்த எடுத்துக்காட்டில் இன்னொரு நுட்பமும் ஒளிந்திருக்கிறது. ரைட்டர் இயல்பாக எட்டு எழுத்துகளுக்குக் குறையாத சொற்களையே திரட்டுகிறது. ‘அந்தோணிசாமி’ என்பதில் நம் கணக்குப்படி ஆறு எழுத்துகளே உள்ளன. அப்படியானால் அது திரட்டப்படுவது எப்படி? யூனிகோடு குறிமுறையில் மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. அந்தக் கணக்கில் ‘அந்தோணிசாமி’ 11 குறிகள். ‘அந்தோணி’ 7 குறிகள். ஆகவே நீண்டது பட்டியலில் ஏறுகிறது, குறுகியது ஏறுவதில்லை. நீண்ட பெயர் குறுகிய பெயரை விழுங்குவதற்கு இந்த ஒரு வேறுபாடு போதும். ஆங்கிலத்தை மனத்தில் வைத்து விதித்த எல்லை, தமிழில் வேறு இடத்தில் போய் விழுகிறது.

இதற்கான மருந்து எளிது. ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ்’ திறந்து, ‘வேர்டு கம்ப்ளீஷன்’ பக்கத்தில் ஏற்கும் விசையை எண்டரிலிருந்து ‘எண்டு’ விசைக்கோ வலப்பக்க அம்பு விசைக்கோ மாற்றலாம். குறைந்த அளவு நீளத்தை எட்டிலிருந்து பன்னிரண்டோ பதினைந்தோ ஆக உயர்த்தலாம். கோப்பை மூடும்போது அதிலிருந்து திரட்டிய சொற்களை நீக்கிவிடும்படி குறியிடலாம். பெயர்ப் பட்டியல் போன்ற பணிகளின்போது வசதியையே நிறுத்திவைக்கலாம். திரட்டிய சொற்கள் அந்த அமர்வோடு மறைந்துபோவது கண்டு சிலர் வருந்துவர். அவர்கள் அந்தச் சொற்பட்டியலை நகலெடுத்து ஒரு கோப்பாக வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதைத் திறந்து வைத்தபடி எழுதலாம்.

மருந்து எளிதாக இருப்பதால் நோய் சிறிது என்று எண்ணிவிடலாகாது. ஒப்புதலுக்குரிய செயலையும் தொடர்வதற்குரிய செயலையும் ஒன்றாக்குவது வடிவமைப்பில் ஒரு குற்றமே. ‘வேண்டும்’ என்று சொல்லத் தனியே ஓர் அசைவு இருக்க வேண்டும்.

கடைசி அசையில் இருக்கும் மனிதர்

தமிழில் எழுதுவோருக்கு இவ்வகை முடிப்பில் தனியான ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆங்கிலச் சொல்லின் பொருள் பெரும்பாலும் அதன் தொடக்கத்திலேயே தெளிந்துவிடும். எட்டு எழுத்துச் சொல்லில் ஐந்து எழுத்து தெரிந்தால் எஞ்சிய மூன்றும் வெறும் உழைப்பு. அந்த உழைப்பைப் பொறியிடம் விடுவதில் இழப்பு ஒன்றுமில்லை. தமிழ் வினைச்சொல் அப்படி அமைந்ததன்று. வேர்ச்சொல் முதலில் வரும், காலம் இடையில் வரும், செய்தவர் யார் என்பது கடைசியில் வரும். ஆணா, பெண்ணா, ஒருவரா, பலரா, மதிப்புக்குரியவராகக் கருதி எழுதுகிறோமா என்பனவெல்லாம் விகுதியில் அடங்கியுள்ளன.

‘வந்திருந்தான்’ என்று ஒருமுறை எழுதிய கோப்பில், பத்து வரி கழித்து ‘வந்திருந்தார்’ என்று எழுத முனைகிறோம். ‘வந்திரு’ என்பதற்குள் பொறி முந்திக்கொண்டு ‘வந்திருந்தான்’ என்பதை நீட்டும். ஏற்றுக்கொண்டால் முதியவர் ஒருவர் ஒருமையில் நிற்பார். அடுத்த வரியில் ‘வந்திருந்தாள்’ வரவேண்டிய இடத்திலும் அதே ‘ஆன்’ வந்து நிற்கலாம். இங்கே பொறி மிச்சப்படுத்தித் தருவது உழைப்பை அன்று, தீர்ப்பை. எதைச் சொல்லாமல் விட்டாலும் தமிழ் வாக்கியம் முழுமை பெறாதோ அதையே பொறி ஊகித்து நிரப்புகிறது.

ஆங்கிலத்திலும் இதற்கு ஒப்பான ஒன்று நடந்தது. கூகுளின் ஸ்மார்ட் கம்போஸ் வசதியைச் சோதித்துக்கொண்டிருந்த 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அந்நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர், அடுத்த வாரம் முதலீட்டாளர் ஒருவரைச் சந்திக்கப்போவதாகத் தட்டினார். ‘அவனை’ச் சந்திக்க விரும்புகிறீர்களா என்ற பொருளில் ஆண்பால் சுட்டுப்பெயரோடு பொறி தொடரை முடித்தது. முதலீட்டாளர் என்றால் ஆண்தான் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது படித்த எழுத்துக் குவியலில் அப்படி இருந்தது, அவ்வளவே. நிறுவனம் பல வழிகளில் திருத்த முயன்று, முடிவில் ஆண்பால் பெண்பால் காட்டும் சுட்டுப்பெயர்களையே பரிந்துரைகளிலிருந்து விலக்கிவிட்டது. இச்செய்தி அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் சுட்டுப்பெயர் தனிச்சொல். ஆகவே விலக்க முடிந்தது. தமிழில் அது ஏறத்தாழ ஒவ்வொரு வினைமுற்றின் உடம்போடும் ஒட்டியிருக்கிறது. அதை விலக்கினால் வினைமுற்றே எஞ்சாது. தமிழுக்கு இவ்வசதியை ஆக்குவோரும், ஆக்கியதைப் பயன்படுத்துவோரும் மனத்தில் வைக்கவேண்டிய உண்மை இது.

ஊரார் வாய்மொழி

மூன்றாம் வகை முடிப்பின் மூலக்கருத்து புதியதன்று. தகவல் கோட்பாட்டின் தந்தை எனப்படும் கிளாட் ஷானன் 1948-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஆங்கில எழுத்தில் ஏறத்தாழப் பாதி, மொழியின் அமைப்பாலேயே முன்கூட்டித் தீர்மானிக்கப்படுகிறது என்று கணக்கிட்டார். 1951-இல், ஒரு பகுதியின் அடுத்த எழுத்து எதுவென மனிதர்களை ஊகிக்கச் செய்து இதை மேலும் ஆராய்ந்தார். அவரது கோட்பாட்டின் உட்பொருள் நம் நோக்கத்துக்கு மிகவும் இன்றியமையாதது: எந்தச் சொல் எளிதில் ஊகிக்கப்படுகிறதோ, அந்தச் சொல் மிகக் குறைந்த செய்தியையே தருகிறது. எதிர்பார்த்த சொல்லால் படிப்பவர் புதிதாக அறிவது ஒன்றுமில்லை. பொறி வெற்றிபெறும் இடமெல்லாம், நாம் அங்கே புதிதாக எதுவும் சொல்லவில்லை என்பதற்கான அடையாளம்.

சீன நாட்டின் தட்டச்சு வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. சீனத் தட்டச்சுப் பொறியின் தட்டில் ஆயிரக்கணக்கான எழுத்துருக்களை அடுக்கி வைக்க வேண்டும். 1950களின் தொடக்கத்தில் அந்நாட்டுத் தட்டச்சாளர்கள், அகராதி வரிசையை விட்டுவிட்டு, சேர்ந்து வரும் எழுத்துகளை அருகருகே வைக்கத் தொடங்கினர். வேகம் கூடியது. ஆனால் எவை சேர்ந்து வருவன? தலைவரின் பெயரும் அரசியல் முழக்கங்களும்தாம். எல்லாரும் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்ததைத் தட்டுவது எளிதாயிற்று. யாரும் சொல்லாததைத் தட்ட வேண்டுமானால் கை நெடுந்தூரம் போகவேண்டியிருந்தது.

இன்றைய பொறியில் கை போகவேண்டிய தூரம் ஒன்றுதான். மனம் போகவேண்டிய தூரம்தான் மாறியிருக்கிறது. இதை ஆய்வுகள் அளந்து காட்டியுள்ளன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், படங்களுக்கு விளக்கம் எழுதியவர்கள் பரிந்துரை தோன்றியபோது எழுதிய வரிகள் குறுகின; பொறியால் ஊகிக்க முடியாத சொற்கள் அவற்றில் குறைந்தன. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமானது. சமூக ஊடகம் சமுதாயத்துக்கு நல்லதா என்று 1,506 பேரைக் கொண்டு நடத்திய அந்த ஆய்வில், ஒரு பக்கம் சாய்ந்த பரிந்துரைகளைப் பெற்றவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தே எழுதினர். அதற்குப் பின் அவர்களுடைய சொந்தக் கருத்தைக் கேட்டபோதும் அதே சாய்வு தெரிந்தது. பரிந்துரை ஒருபக்கமானது என்பதைப் பெரும்பாலோர் உணரவுமில்லை.

நமக்கு நேரடியாகத் தொடர்புடையது அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2025-இல் வெளிவந்த ஆய்வு. இந்தியாவிலும் அமெரிக்காவிலுமாக 118 பேரை ஆங்கிலத்தில் எழுதச் செய்தனர். விருப்பமான உணவைப் பற்றி எழுதத் தொடங்கினால் பொறி பீட்ஸாவை நீட்டியது. விருப்பமான திருநாள் என்றால் கிறிஸ்துமஸ். கிறிஸ்துமஸ் நமக்குரிய பெருவிழா என்பதில் நாம் மகிழலாம். ஆனால் தீபாவளியைப் பற்றியோ ஊர்த் திருவிழாவைப் பற்றியோ எழுத உட்கார்ந்தவருக்கு அது நீட்டப்படும்போது, அவர் யார் என்று கேளாமலேயே பதில் தரப்பட்டுவிட்டது. இந்தியர்கள் பரிந்துரைகளை அதிகம் ஏற்றனர்; ஆயினும் ஏற்றவற்றைத் திருத்தவேண்டியிருந்ததால் அமெரிக்கர்கள் அளவுக்கு அவர்களுக்கு நேரம் மிச்சமாகவில்லை. அதைவிட, அவர்களுடைய எழுத்து அமெரிக்கரின் எழுத்தை ஒத்ததாக மாறத் தொடங்கியது. தங்கள் உணவைப் பற்றி எழுதும்போதுகூட, அயலார் ஒருவர் வியந்து பார்ப்பது போன்ற பொதுச்சொற்கள் வந்து அமர்ந்தன.

பார்க்காமல் ஏற்பதன் விளைவுக்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. ‘ஒத்துழைப்பு’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லை இடைக்கோடு இட்டு மட்டுமே அறிந்திருந்த பழைய பிழைதிருத்திகள், இடைக்கோடு இல்லாமல் எழுதியதைப் பிழையெனக் காட்டி, கலிபோர்னியாவிலுள்ள ‘கூப்பர்டினோ’ என்ற ஊரின் பெயரை முன்வைத்தன. ஐரோப்பிய ஒன்றியம், ஐக்கிய நாடுகள் அவை போன்றவற்றின் ஆவணங்களில்கூட ஒத்துழைப்பு இருக்கவேண்டிய இடத்தில் அந்த ஊரின் பெயர் ஏறியது. அந்தப் பிழை நகைப்புக்கு இடமானது. ஆகவே கண்ணில் பட்டது. இன்றைய பரிந்துரை பொருத்தமாகவே இருக்கும், நகைப்பு வராது. அதனால் கண்ணில் படாது.

மறுபக்கமும் உண்டு

இவ்வளவு சொன்னபின், இவ்வசதியே தீது என்று முடிவுகட்டுவது நீதியாகாது. கைகள் நடுங்குவோருக்கும், ஒரு விரலாலோ தலையசைவாலோ எழுதுவோருக்கும் சொல் முடிப்பு வசதி வெறும் சொகுசன்று. ஒரு சொல்லுக்குப் பத்து அழுத்தங்கள் தேவைப்படும் இடத்தில் மூன்று போதுமென்றால், ஒரு கடிதம் எழுதும் உழைப்பு பெரிதும் சுருங்கும். பேச்சிழந்தோருக்காகவும் உடலியக்கம் குன்றியோருக்காகவும் உருவாக்கிய கருவிகளில் இவ்வசதி நெடுங்காலமாக இருந்துவருவது இதனாலேயே. அயல்மொழியில் அலுவல் கடிதம் எழுதத் தயங்குவோருக்கும் இது ஊன்றுகோல். எழுத்துக்கூட்டல் தடுமாறும் பிள்ளைகளுக்கும் துணை.

அவர்களை நினைவில் கொண்டால், நம் வினா இன்னும் கூர்மை பெறுகிறது. ஊன்றுகோல் தேவைப்படுபவர், தாம் போகவேண்டிய இடத்துக்குப் போவதற்காகவே அதைப் பிடிக்கிறார். அது அவரை வேறொரு தெருவுக்கு இழுத்துச் செல்லுமானால், மற்றவரைவிட அவருக்கே இழப்பு அதிகம். ஏனெனில் திரும்பி வரும் உழைப்பும் அவருக்கே அதிகம். ஆகவே, முடிப்பு வசதி நேர்மையாக இருக்க வேண்டும் என்று கேட்பது அவர்களுக்கு எதிரான குரலன்று, அவர்களுக்கான குரல்.

எங்கே திறப்பது, எங்கே மூடுவது

மூன்றாம் வகைப் பரிந்துரையை நிறுத்துவதும் தொடங்குவதும் கடினமன்று. வேர்டில் அதே ‘ஆப்ஷன்ஸ்’, ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘ஷோ டெக்ஸ்ட் பிரெடிக்ஷன்ஸ் வைல் டைப்பிங்’ என்ற கட்டம் இருக்கிறது. கூகுள் டாக்ஸில் ‘டூல்ஸ்’ பட்டியலின் ‘பிரிஃபரன்ஸஸ்’ பகுதியில் ஸ்மார்ட் கம்போஸுக்கான கட்டம் இருக்கிறது. மங்கிய எழுத்தை ஏற்க ‘டேப்’ விசை. வேர்டில் மறுக்க ‘எஸ்கேப்’ விசை. அல்லது கண்டுகொள்ளாமல் எழுதிக்கொண்டே போகலாம். எண்டர் விசையைப் பயன்படுத்தாமல் டேப் விசையை ஒப்புதலாக வைத்தது நல்ல வடிவமைப்பு என்று பாராட்டத்தான் வேண்டும். வேர்டில் இவ்வசதி வரவில்லை என்று குறைப்படுவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். நாம் எழுதுவதை இணையவழியே ஆராயும் சேவைகளுக்கு இசைவு தந்திருந்தால்தான் அது இயங்கும். தனியுரிமை அமைப்பில் அந்த இசைவு மறுக்கப்பட்டிருந்தால் கட்டத்தில் குறியிட்டும் பயனில்லை. எழுத்து நம் மேசையிலிருந்து வெளியே போய்த்தான் பரிந்துரையாகத் திரும்பி வருகிறது என்பதும் இதனால் விளங்கும்.

எந்த எழுத்துக்கு எந்த வகை பொருந்தும் என்று பிரித்துக்கொள்வது நல்லது. மாறாமல் திரும்பத் திரும்ப வருவனவற்றுக்கு, நாமே சேமித்து வைக்கும் முதல் வகை போதும், அது சிறந்ததும்கூட. நீண்ட கலைச்சொற்கள் மிகுந்த ஆய்வுக் கட்டுரைக்கு இரண்டாம் வகையை, ஏற்கும் விசையை மாற்றிவைத்துக்கொண்டு பயன்படுத்தலாம். கூட்டத்துக்கு வர இயலாமைக்கு வருத்தம் தெரிவிப்பது, பொருள் அனுப்பியதற்கு ஒப்புகை தருவது போன்ற சடங்குக் கடிதங்களுக்கு மூன்றாம் வகையால் பெரும் தீங்கில்லை; அங்கே எல்லாரும் ஒரே சொல்லைத்தான் எழுதுகிறோம்.

ஆனால் சில எழுத்துகள் உண்டு. மகனை இழந்த தாய்க்கு எழுதும் கடிதம். ஒரு மாணவிக்காகத் தரும் நற்சான்று. நேரில் கண்டதைச் சொல்லும் வாக்குமூலம். நிலம் பறிபோன ஏழைக்காக எழுதித் தரும் விண்ணப்பம். இவற்றில் பொதுச்சொல்லே பெரும் கேடு. ‘ஆழ்ந்த’ என்றதும் ‘இரங்கல்’ என்று வந்து நிற்கும் சொல், அந்தத் தாய் அன்று பெற்ற நாற்பதாவது கடிதத்திலும் இருக்கும். அவள் தேடுவது தன் மகனின் பெயரையும், அவனைப் பற்றி எழுதுபவர் அறிந்த ஏதோ ஒன்றையும். அவன் மிதிவண்டியில் பால் கொண்டுவந்து தந்தது, கணக்கில் தோற்று ஓவியத்தில் வென்றது போன்ற ஒன்றை. எந்தப் பொறியாலும் அதை ஊகிக்க இயலாது. அது எங்கும் எழுதப்பட்டதில்லை. விண்ணப்பமும் அவ்வாறே. அதிகாரியின் மேசையில் ஒரே அச்சில் வார்த்த நூறு விண்ணப்பங்கள் கிடக்கும்போது, கிணற்றின் பெயரும் வேலி இருந்த இடமும் சொல்லும் ஒன்றே அவரை நிறுத்திப் படிக்க வைக்கும்.

இத்தகைய எழுத்துக்கு உட்காரும்போது, அந்தக் கட்டத்தின் குறியை நீக்கிவிட்டுத் தொடங்குவது எளிய செயல். சில சொடுக்குகளில் முடிந்துவிடும். அதன்பின் திரையில் மங்கிய எழுத்து எதுவும் முந்திக்கொண்டு வராது. சொல் கிடைக்காமல் சில நிமிடங்கள் நாம் தடுமாறுவோம். அந்தத் தடுமாற்றத்தில்தான் அந்தச் சிறுவனின் முகம் நினைவுக்கு வரும். எழுதி முடித்தபின், பெயர்களையும் விகுதிகளையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதும் நலம். கண் ஏமாறும் இடத்தில் காது பெரும்பாலும் ஏமாறுவதில்லை.